முதுகுவலிக்குப் பின் மீண்டும் கோல்ஃப்

முதுகுவலியால் சில ஆண்டுகள் மட்டையைத் தொடாமல் இருந்துவிட்டு, இப்போது பதினெட்டுக் குழிகளையும் நடந்தே ஆடி முடிக்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். இதைக் கேள்விப்பட்ட நண்பர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, பழையபடி அடிக்க முடிகிறதா என்பதைத்தான். பழையபடி அடிக்கவில்லை, அதற்கு நான் முயலவும் இல்லை. முதுகு கெட்ட ஒருவர் கோல்ஃபுக்குத் திரும்ப வேண்டுமானால், டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) நின்று டிரைவர் என்னும் நீண்ட தூர மட்டையைச் சுழற்றிப் பார்ப்பதில் தொடங்கக் கூடாது என்பதும், குழியருகே தொடங்கிச் சிறிது சிறிதாகப் பின்னோக்கி வந்து கடைசியில்தான் டீயை அடைய வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும், சென்னை வெயிலில் ஆடுகிறவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

எனக்கு வந்தது, இடுப்புப் பகுதியின் ஐந்தாம் முள்ளெலும்புக்கும் அதற்குக் கீழே உள்ள எலும்புக்கும் இடையில் இருக்கும் வட்டு பிதுங்கி, நரம்பை அழுத்திய பாதிப்பு. மருத்துவர்கள் இதை எல்5-எஸ்1 என்று எழுதுவார்கள். நம் ஊரில் டிஸ்க் ஸ்லிப் ஆகிவிட்டது என்பார்கள். முதுகில் இருந்த வலியைவிட, பிட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்புறமாகக் கெண்டைக்காலில் இறங்கிச் சுண்டுவிரல் வரை போன வலிதான் கொடுமையானது. காரில் அரை மணி நேரம் தொடர்ந்து உட்கார முடியவில்லை. குனிந்து செருப்பு வாரை மாட்ட முடியவில்லை. அந்த நாட்களில் நான் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் கோல்ஃபை அடியோடு மறந்துவிடச் சொன்னார். இன்னொருவர் உடனே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கலாம் என்றார். மூன்றாமவர் எம்.ஆர்.ஐ. படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, என்னை நடக்கச் சொல்லியும் குதிகாலில் நிற்கச் சொல்லியும் காலின் வலுவைச் சோதித்துப் பார்த்த பிறகு, பொறுத்திருந்து உடற்பயிற்சியால் சரிசெய்ய முயலலாம் என்றார். நான் அவர் வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து மனம் உடைந்து போகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் தென்பட்டது. எண்பது வயதினரில் அது 96 சதவீதம். வட்டு புடைத்திருப்பது இருபது வயதினரில் 30 சதவீதம், எண்பது வயதினரில் 84 சதவீதம். ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. காலில் இறங்கும் வலியும் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில மாதங்களில் தணிந்துவிடுகிறது. ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை இழப்பது, தொடைகளின் உட்பகுதியும் பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப் போவது, கால் நாளுக்கு நாள் வலுவிழப்பது ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் எது வந்தாலும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கோல்ஃப் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நிதானமான, வயதானவர்களுக்கு ஏற்ற ஆட்டமாகத் தோன்றுகிறது. அதில் பெரும்பகுதி நடைதான் என்பதும் உண்மைதான். ஆனால் பந்தை அடிக்க மட்டையைச் சுழற்றும் ஸ்விங் என்னும் அந்த ஒரு செயலை உடல் எப்படித் தாங்குகிறது என்று பார்த்தால் நிதானம் என்ற சொல்லே பொருந்தாது. மட்டை உச்சியிலிருந்து இறங்கிப் பந்தைத் தொடுவதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ கால் விநாடி. அந்தக் கால் விநாடிக்குள் கீழ் முதுகின் மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல் எட்டு மடங்கு வரை எட்டுவதாக 1990ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். 75 கிலோ எடையுள்ள ஒருவரின் இடுப்பு வட்டுகளில் 600 கிலோ அளவுக்கு அழுத்தம் விழுகிறது என்று பொருள். அழுத்தத்தோடு முறுக்கலும், ஒரு பக்கமாகச் சாய்தலும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு சுற்றில் எழுபது எண்பது முறை அடிக்கிறோம் என்றால், பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டும் பட்டிங் போக மீதியில் பாதிக்கு மேல் இத்தகைய முழு ஸ்விங்தான். பயிற்சி ஸ்விங்குகள் வேறு இருக்கின்றன.

இதில் பலரும் அறியாத செய்தி, இடுப்புப் பகுதி முதுகெலும்பு சுழல்வதற்காக அமைந்ததே இல்லை என்பது. அங்குள்ள ஐந்து முள்ளெலும்புகளையும் இணைக்கும் சிறு மூட்டுகள் முன்னும் பின்னும் வளைய இடம் தருகின்றனவே தவிர, பக்கவாட்டில் திரும்புவதைத் தடுக்கும் விதத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பாகைதான் திரும்பும். சுழற்சிக்கென்று அமைந்தவை மேலே உள்ள மார்பு முதுகெலும்பும், கீழே உள்ள இடுப்பு மூட்டுகளும்தான். நாள் முழுவதும் கணினி முன் கூன் போட்டு உட்காருகிறவருக்கு மார்பு முதுகு இறுகிப் போகிறது. இடுப்பு மூட்டுகளும் இறுகுகின்றன. இப்படி இரண்டும் மறுத்துவிட்ட சுழற்சியை, நடுவில் மாட்டிக்கொண்ட கீழ் முதுகு தன் தலைமேல் ஏற்றுக்கொள்கிறது. என் பிசியோதெரபிஸ்ட் இதை எனக்குப் புரிய வைத்த நாளில்தான், வலிக்கிற இடத்தில் தைலம் தேய்ப்பதற்கும் வலிக்குக் காரணமான இடத்தைச் சரிசெய்வதற்கும் உள்ள தொலைவு எனக்கு விளங்கியது.

வலக்கை ஆட்டக்காரருக்கு இதில் முக்கியமானது இடது இடுப்பு மூட்டு. பந்தை அடித்து முடிக்கையில் உடலின் எடை முழுவதும் இடது காலில் ஊன்றியிருக்க, இடுப்பு அந்தக் காலின் மேல் உட்புறமாகச் சுழல வேண்டும். அந்த உட்சுழற்சி குறைந்த ஆட்டக்காரர்களிடம் கீழ் முதுகு வலி அதிகமாகக் காணப்படுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம்மவர்களுக்குச் சம்மணமிட்டு உட்காரும் பழக்கத்தால் வெளிச்சுழற்சி தாராளமாக இருக்கும். அதை வைத்து நம் இடுப்பு நன்றாக இளகித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். எனக்கு அளந்து பார்த்தபோது உட்சுழற்சி மிகவும் குறைந்திருந்தது. அதற்கான பயிற்சிகள் பலன் தர மாதக்கணக்கில் ஆகும். ஆனால் நிற்கும்போதே இடது பாதத்தின் முனையை இலக்கை நோக்கிச் சற்று வெளியே திருப்பி வைத்துக்கொண்டால், அந்த மூட்டுக்கு உடனடியாகக் கொஞ்சம் இடம் கிடைத்துவிடும். அதுபோலவே, மட்டையைப் பின்னே கொண்டுபோகும்போது இடது குதிகாலைத் தரையிலிருந்து எழவிடுவதும் உதவும். அசையாத இடுப்புக்கு எதிராகத் தோளை மட்டும் தொண்ணூறு பாகை முறுக்குவதுதான் வலிமை என்று அண்மைக் காலத்தில் கற்பிக்கப்பட்டது; பழைய சாம்பியன்களான பாபி ஜோன்ஸும் ஜாக் நிக்லாஸும் குதிகாலை எழவிட்டு, இடுப்பையும் தாராளமாகத் திருப்பித்தான் அத்தனை பட்டங்களையும் வென்றார்கள். வாரக் கடைசியில் மட்டும் ஆடுகிற நடுவயதுக்காரருக்கு அந்தப் பழைய ஸ்விங்கே உகந்தது என்று நான் நினைக்கிறேன்.

உடற்பயிற்சியைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை; அது ஒவ்வொருவருக்கும் நேரில் பார்த்துச் சொல்லப்பட வேண்டியது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகள் எனக்கு அடித்தளமாக இருந்தன: கீழ் முதுகை வளைக்காமல் தலையையும் தோளையும் மட்டும் சற்று உயர்த்துவது, பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடலைத் தாங்குவது, தவழும் நிலையில் ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டுவது. இவை முதுகை அசைப்பதைவிட அசையாமல் காப்பதற்குத் தசைகளைப் பழக்குகின்றன. இவற்றோடு தினசரி நடையும் சேர்ந்தது. நான் வீட்டில் கால்விரலைத் தொட்டுக்காட்டும் வித்தையெல்லாம் செய்யவில்லை. பிதுங்கிய வட்டு உள்ளவர் அப்படிக் குனிந்து நீட்டுவது நன்மையைவிடத் தீமையே செய்யும்.

மைதானத்துக்குத் திரும்பிய முதல் வாரங்களில் பட்டிங்குக்கான மட்டையான பட்டர் ஒன்றை மட்டும் எடுத்துச் சென்றேன். பட்டிங்கில் முதுகுக்கு என்ன வேலை இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் குனிந்த நிலையிலேயே அசையாமல் நிற்பது முதுகுத் தசைகளுக்குச் சோர்வு தரும் செயல். அரை மணி நேரம் விடாமல் பட்டிங் பழகுவது ஒரு கூடை நிறையப் பந்துகளை அடிப்பதைவிட மோசமாக வலியைக் கிளப்பக்கூடும். எனவே ஐந்தாறு பந்துகளை உருட்டியதும் நிமிர்ந்து, குழி இருக்கும் குட்டைப் புல்பரப்பான கிரீனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். குழியிலிருந்து பந்தை எடுப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது: ஒரு கையால் பட்டரை ஊன்றிக்கொண்டு, முதுகை நேராக வைத்தபடியே இடுப்பில் மட்டும் மடங்கி, ஒரு காலைப் பின்னே உயர்த்தினால், உயரும் காலின் எடை உடலைச் சமன் செய்துவிடும், மறுகை தானாகக் குழியை எட்டும். பந்தைத் தாங்கும் சிறு முளையை (அதற்கும் டீ என்றுதான் பெயர்) தரையில் குத்தவும் இதே முறைதான். ஒரு சுற்றில் நாம் எத்தனை முறை குனிகிறோம் என்று எண்ணிப் பார்த்தால், குனிவதைக் கற்றுக்கொள்வதும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்பது புரியும். அதற்காகக் குட்டையான பட்டரை விட்டு நீளமான பட்டருக்கு மாறுகிறவர்களும் உண்டு. பட்டரை உடலில் ஊன்றி ஆட 2016 முதல் தடை இருக்கிறதே தவிர, நீளமான பட்டருக்குத் தடை இல்லை.

அடுத்தது கிரீனைச் சுற்றியுள்ள சிறு அடிகள். பிறகு குறைந்த தூரத்துக்கான ஒன்பதாம் எண் அயர்ன் மட்டையில் அரை ஸ்விங். அதாவது இடது கை தரைக்கு இணையாக வரும் இடத்தில் மட்டையை நிறுத்தி, அதே அளவுக்கு மறுபுறம் முடிப்பது. ஒரு நாள் அடித்தால் மறுநாள் ஓய்வு. மறுநாள் காலையில் காலில் வலி இறங்கியிருந்தால் முந்தைய படிக்குத் திரும்புவது. முதுகில் வெறும் அசதி மட்டும் இருந்தால் அதே படியில் நீடிப்பது. இரண்டும் இல்லையென்றால்தான் அடுத்த மட்டைக்குப் போவது. இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவதற்கு எனக்குப் பெரும் துணையாக இருந்தவர், பல காலமாக எனக்குக் கேடியாக (மட்டைப் பையைச் சுமந்து உடன் வருபவராக) வருகிற பெரியவர். அவரே நன்றாக ஆடக்கூடியவர். ஏழாம் எண் அயர்ன் நன்றாகப் பட்டுப் பந்து நேராகப் போன ஒரு நாளில், இன்னும் கொஞ்சம் தூரம் கூட்டலாம் என்று நான் மட்டையை மேலே கொண்டுபோனபோது, அவர் பின்னாலிருந்து சொன்னார்: "சார், பாதியிலயே நிறுத்துங்க. நேரா போறது போதும், தூரம் அப்புறம் தானா வரும்." நான் "சரிண்ணே" என்று மட்டையை இறக்கிவிட்டேன். பையைத் தோளில் சுமக்காமல் ஆட முடிவது நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கேடிகளால் கிடைக்கும் பெரும் வசதி. கேடி இல்லாத இடத்தில் தள்ளுவண்டியை முன்னே தள்ளிக்கொண்டு போவது நல்லது; ஒரு கையால் பின்னே இழுத்துக்கொண்டு நடந்தால் முதுகு கோணிக்கொள்ளும். பயிற்சி மைதானத்தில் காங்கிரீட் மேல் விரித்த விரிப்பைத் தவிர்த்துப் புல்லிலிருந்தே அடிப்பதும் எனக்கு உதவியது.

இனி, நான் முதலில் சொன்ன அந்தச் சிக்கலுக்கு வருகிறேன். சென்னையில் கோல்ஃப் ஆடுவதென்றால் விடியற்காலைதான். நந்தனம் மைதானத்தில் ஏப்ரல், மே மாதங்களில் ஒன்பது மணிக்கு மேல், டீக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள புல்வெளியான ஃபேர்வேயில் நிற்கவே முடியாது. ஆகவே கிழக்கு வெளுத்ததும் முதல் பந்து பறந்துவிடும். ஆனால் முதுகு வட்டுகளுக்கு அந்த நேரம்தான் மிகவும் ஆகாத நேரம். இரவு படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய வட்டு விறைப்பாக இருப்பதால், அப்போது குனிந்தால் அதன் மீதும் அதைச் சுற்றியுள்ள நார்கள் மீதும் விழும் இழுவிசை பகலில் விழுவதைவிட மிக அதிகம். அந்தக் கூடுதல் உயரத்தில் பாதியளவு எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடுகிறது. காலையில் முதல் சில மணி நேரம் குனிவதைத் தவிர்க்கப் பழகிய நாட்பட்ட முதுகுவலிக்காரர்களுக்கு வலி கணிசமாகக் குறைந்ததாக 1998இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

படுக்கையிலிருந்து எழுந்து, பல் துலக்கி, காரில் குனிந்து உட்கார்ந்து, மைதானத்துக்கு வந்து இறங்கிய கையோடு டிரைவரைச் சுழற்றுகிற நம் வழக்கத்தைவிட வட்டுக்கு ஆபத்தான ஒன்றை எண்ணிப் பார்ப்பது கடினம். வெயிலை மாற்ற முடியாது. விழிக்கும் நேரத்தை மாற்றலாம். ஆறரை மணிக்கு ஆட்டம் தொடங்கும் என்றால் நான் நான்கரைக்கே எழுந்துவிடுகிறேன். காபி போடும் நேரம் உட்பட முழுவதும் நின்றபடியே இருக்கிறேன். தெருவில் அரை மணி நேரம் நடக்கிறேன். ஷூவை ஒரு நாற்காலியின் மேல் காலை வைத்துத்தான் மாட்டுகிறேன். காரில் இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு ஒன்று இருக்கும். மைதானத்தில் இறங்கியதும் மார்பு முதுகையும் இடுப்பையும் திருப்பும் சில அசைவுகளைச் செய்துவிட்டு, சிறிய மட்டையில் தொடங்கிச் சில பந்துகளை மட்டும் அடிக்கிறேன். சில நாட்களில் மாலை நான்கு மணிக்குப் போய் ஒன்பது குழிகள் மட்டும் ஆடுவதும் உண்டு. கடற்காற்று இறங்கிய பிறகு ஆடுகிற அந்த ஒன்பது குழிகள் முதுகுக்கு விடியற்காலைப் பதினெட்டைவிட இதமானவை.

ஆட்டத்தைத் தொடர்ந்தபோது, குழிக்கு அருகாக முன்னால் உள்ள டீக்கு மாறினேன். மூத்தவர்களுக்கும் பெண்களுக்கும் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, நடுவயது ஆண்கள் அந்தப் பக்கம் போவதையே மானக்கேடாக நினைக்கிறார்கள். நீளமான மைதானத்தில் ஒவ்வொரு அடியையும் முழு வலுவோடு அடிக்கும் கட்டாயம் இருக்கிறது. முதுகை முறிப்பது அந்தக் கட்டாயம்தான். முன்னால் நின்றால் முக்கால் ஸ்விங்கிலேயே கிரீனை எட்டலாம். எந்த டீயிலிருந்து ஆடினாலும் அதற்கேற்பக் கணக்கிடும் உலகப் பொது ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனைக் குறிக்கும் எண்) முறை 2020இல் வந்துவிட்டது. கடைசி இருபது சுற்றுகளில் சிறந்த எட்டை மட்டுமே அது எடுத்துக்கொள்வதால், திரும்பி வருகிறவரின் மோசமான நாட்கள் அவரைப் பெரிதாகப் பாதிப்பதும் இல்லை.

முதுகுவலிக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் டைகர் வுட்ஸின் பெயர் வந்துவிடும். 2014க்கும் 2017க்கும் இடையில் முதுகில் நான்கு அறுவை சிகிச்சைகள். கடைசியாக எல்5-எஸ்1 எலும்புகளையே ஒன்றாக இணைத்தார்கள். அதன் பிறகு 2018 செப்டம்பரில் அட்லாண்டாவில் வென்று, 2019 ஏப்ரலில் 43ஆம் வயதில், கோல்ஃபின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டத்தையும் வென்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைக்காட்சி முன் நின்றபடியே விழித்திருந்தவர்களில் நானும் ஒருவன். உட்கார்ந்து பார்க்க முதுகு விடவில்லை. ஆனால் அவர் கதையை அறுவை சிகிச்சைக்குச் சான்றாகக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் முதுகு மீண்டும் மீண்டும் கத்தியைச் சந்தித்தது. மேலும், தன் வாழ்நாளின் ஒரே வேலையாக உடலைப் பேணும் ஒருவருக்குக் கிடைக்கும் துணையும் நேரமும் நமக்கு இல்லை. என் மனத்துக்கு நெருக்கமானவர் லீ டிரெவினோ. 1975இல் சிகாகோ அருகே ஆடுகையில் மின்னல் தாக்கி, அதன்பின் முதுகில் அறுவை சிகிச்சையும் செய்துகொண்ட அவர், 1984இல் 44ஆம் வயதில் அந்த நான்கில் இன்னொன்றான பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றார். நீண்ட தூரத்தை ஒருபோதும் நம்பியிராத, பந்தைத் தன் விருப்பப்படி வளைத்து இறக்கத் தெரிந்த ஆட்டக்காரர் அவர். முதுகு தளர்ந்த பிறகும் அந்தத் திறமை அவரிடம் மிச்சமிருந்தது.

அண்மையில் நண்பர்களோடு ஊட்டிக்குப் போயிருந்தேன். வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில், ஏழாயிரம் அடிக்கு மேல் உள்ள அந்தப் பதினெட்டுக் குழி மைதானம் தென்னாட்டின் மிக அழகிய மைதானங்களில் ஒன்று. முதுகுக்கு அதுவே கடினமான தேர்வும்கூட. சென்னையில் பெரும்பாலும் சமதரை. அங்கே பந்து பாதத்துக்கு மேலும் கீழுமாகத்தான் கிடக்கும். பந்து பாதத்துக்குக் கீழே கிடந்தால், அதை எட்டுவதற்காக இன்னும் குனிந்து, குனிந்த நிலையிலேயே சுழல வேண்டும். கீழ் முதுகுக்கு அதைவிடக் கெடுதலான நிலை இல்லை. அப்படி வந்த இடங்களில் முழங்கால்களை நன்றாக மடக்கி, மட்டையை அதன் கைப்பிடியின் மேல் நுனியில் பிடித்து, கைகளால் மட்டும் அடித்துப் பந்தை ஃபேர்வேக்குக் கொண்டுவந்தேன். ஓரிரு இடங்களில் அடிக்காமலே பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்தேன். மெல்லிய காற்றில் பந்து சற்றுக் கூடுதல் தூரம் பறப்பதால், என் முக்கால் ஸ்விங்குக்கு அங்கே நல்ல பலன் கிடைத்தது. குளிரில் தசைகள் விரைவில் இறுகுவதால், ஆட்டக்காரர்கள் முன்னே தேங்கி நின்ற இடங்களில் நான் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தேன்.

டிரைவரை இப்போதும் எல்லாக் குழிகளிலும் எடுப்பதில்லை. அகலமான ஃபேர்வே உள்ள குழிகளில், உடல் நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும் எடுக்கிறேன். மற்றவற்றில் ஐந்தாம் எண் ஹைபிரிட் மட்டை போதுமானதாக இருக்கிறது. அடுத்த வாரம் பிசியோதெரபிஸ்டிடம் மீண்டும் இடது இடுப்பின் உட்சுழற்சியை அளக்கப் போகிறேன். அது கூடியிருந்தால், ஸ்விங்கை இன்னும் ஒரு கைப்பிடி அளவு நீட்டிப் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். கூடவில்லையென்றால் இப்போதுள்ள அளவிலேயே தொடர்வேன்.